அரளிப் புழுவும் கட்டிங் மாஸ்டரின் வயிற்றெரிச்சலும்

அந்தத் தெருவில் மாஸ்டர் என்றால் ஒரே ஒருவர்தான். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர்கூட அங்கே வெறும் வாத்தியார்தான். மாஸ்டர் என்ற பட்டம் கோட்டு தைக்கும் கட்டிங் மாஸ்டருக்கு மட்டும்.

வீட்டின் முன்னறைதான் அவருடைய கடை. நீளமான மேசை, அதன்மேல் பழைய கம்பளி, சுவரோரம் இரண்டு மெஷின், ஜன்னலை ஒட்டி ஓர் இஸ்திரிப் பெட்டி. காலையில் உள்ளே போனால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவார். பேச்சு என்பது அவருக்கு வராத சமாச்சாரம். வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருப்பதால் பேச முடியவில்லை என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். பேசப் பிடிக்காமல்தான் குண்டூசியை வாயில் வைத்திருக்கிறார் என்பது அவர் மனைவியின் கட்சி.

மனைவிக்கு வீட்டின் பக்கவாட்டில் இருந்த மண் போதும். காய்ந்த குச்சியை ஊன்றினாலும் கொழுந்து விடும் கை அவளுக்கு. சுவரோரம் அரளி, அதற்குப் பக்கத்தில் நந்தியாவட்டை, குழாயடியில் சேம்பு, நடுவில் காசித்தும்பை, வெயில் படும் மூலையில் தக்காளி. ஒரே மகன் வேலைக்கு வெளியூர் போன பிறகு அந்தச் செடிகள்தான் அவளுக்குப் பேச்சுத்துணை.

ஆனால் புழு என்றால் மட்டும் அவளுக்கு உயிர் போய்விடும். இலையைத் திருப்பும்போது ஒன்று நெளிந்தால் போதும், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். மாஸ்டர் அந்தச் சத்தத்திலேயே புழுவின் அளவைச் சொல்லிவிடுவார். வெறும் "ஏங்க" என்றால் நூல் பருமன். "ஏங்கோ" என்று நீட்டினால் விரல் பருமன். "ஐயோ ஏங்க" என்றால் பின்பக்கம் கொம்பு முளைத்த பெரிய புழு. உடனே குண்டூசிகளைத் துப்பிவிட்டு, வெட்டி மிஞ்சிய துணி ஒன்றைக் கையில் சுற்றிக்கொண்டு எழுந்து போவார். அவள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொள்வாள். புழுவைப் பிய்த்து பின்சுவருக்கு அப்பால் வீசுவார். "இந்தச் சுண்டுவிரல் பூச்சிக்கா இந்தக் கத்தல்?" என்பார். திரும்பி வந்து மெஷினில் உட்காரும்போது புலியை அடித்துப் போட்டவர் மாதிரி உட்காருவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான் வழக்கம். அந்தப் புலிவேட்டை அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அவருக்கே தெரியாது, அது கையை விட்டுப் போகும் வரைக்கும்.

மாஸ்டர் வீட்டு மாடிக்குப் புதிதாக வாடகைக்குக் குடிவந்தவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். நாற்பதைத் தாண்டியவள், தனி ஆள், சிரித்த முகம். தெரு அவளுக்கு எக்ஸ்ரே அம்மா என்று பெயர் வைத்தது. மாஸ்டர் மனைவி இன்னும் சுருக்கி "எக்ஸ்ரே" ஆக்கிவிட்டாள்.

ஒருநாள் காலையில் "ஐயோ ஏங்க" கேட்டது. அந்த நேரம் பார்த்து மாஸ்டர் எதிரே பாங்க் மேனேஜர் பாதி தைத்த கோட்டோடு, கையைத் தூக்கி நின்றுகொண்டிருந்தார். அக்குளில் ஊசி குத்தி முடித்து மாஸ்டர் வெளியே போனபோது, எக்ஸ்ரே அம்மா வேலைக்குப் போகிற பையைத் தோளில் மாட்டியபடியே அரளிச்செடி பக்கத்தில் குனிந்திருந்தாள். அவள் மணிக்கட்டில் பச்சையாக, கட்டைவிரல் தடிமனில் ஒன்று ஊர்ந்தது.

"கொட்டிடப் போகுது!" என்றாள் மாஸ்டர் மனைவி.

"கொட்டாதுக்கா. இந்தக் கொம்பு சும்மா மிரட்டலுக்கு. தொட்டுப் பாருங்க, ரப்பர் மாதிரி வளையும்."

"கண்ணு என்ன இப்படி முழிக்குது?"

"அது கண்ணே இல்லைக்கா. நிஜக் கண்ணு தலையில, கடுகைவிடச் சின்னதா இருக்கும். இது முதுகுல வரைஞ்ச பொட்டு. நடுவுல வெள்ளை, சுத்தி நீலம், ஓரத்துல கறுப்பு. யாராவது சீண்டினா தலையை உள்ள இழுத்துக்கிட்டு இதை விரிச்சுக் காட்டும். பாம்புன்னு நினைச்சுக் குருவி ஓடிடும்."

"அட வேஷக்காரா!"

"இது வளர்ந்தா பருந்து அந்துப்பூச்சி. பருந்து மாதிரி விரைஞ்சு பறக்கறதால அந்தப் பேரு. அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, இதுலதான் இந்த ஜாதி இருக்கும்."

மாஸ்டர் மனைவி மெல்ல ஒரு விரலை நீட்டினாள். புழுவின் முதுகைத் தொட்டாள். தொட்டுவிட்டுச் சிரித்தாள். இத்தனை வருஷம் தன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற விரல் அது என்பதை மாஸ்டர் பார்த்துக்கொண்டு நின்றார். கையில் அந்தத் துண்டுத் துணி தயாராகச் சுற்றியிருந்தது.

"எடுத்து எறிஞ்சிடவா?" என்றார்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "வேண்டாங்க" என்றாள் மனைவி. "பாவம், அது பாட்டுக்குத் தின்னுட்டுப் போகட்டும். நீங்க போய் வேலையைப் பாருங்க."

நீங்க போய் வேலையைப் பாருங்க! அவர் போய் வேலையைத்தான் பார்த்தார். பாங்க் மேனேஜரின் கோட்டுக்கு இரண்டு இடது கை வெட்டினார்.

அதற்குப் பிறகு சாயங்காலம் ஆனால் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும். செடிகளுக்கு நடுவே இரண்டு முதுகுகள் குனிந்திருக்கும். ஜன்னல் வழியாகத் துண்டு துண்டாகப் பேச்சு உள்ளே வரும். "முதல்ல எந்தச் செடின்னு பாருங்கக்கா. அப்புறம் தரையைப் பாருங்க. மிளகு மாதிரி உருண்டை உருண்டையா எச்சம் கிடந்தா நேரா மேல அது உட்கார்ந்திருக்கும். கொம்பு நேரா, வளைவா, சொரசொரப்பான்னு பாருங்க. நிறத்தை மட்டும் நம்பவே நம்பாதீங்க." நடுநடுவே சிரிப்பு. அந்தச் சிரிப்புதான் மாஸ்டரைக் குடைந்தது. அவர் மனைவி அப்படிச் சிரித்து அவர் பல காலம் கேட்டதில்லை.

சாப்பிட உட்கார்ந்தால் அங்கேயும் புழு.

"காசித்தும்பையில ஒண்ணு பார்த்தோம். உடம்பு கறுப்பு. நெடுக மஞ்சப் பொட்டு, ரயில் ஜன்னல் மாதிரி. நடக்கும்போது கொம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கிட்டே போகுது."

"ம்."

"தக்காளியில இருக்கே, மஞ்சளா தடியா, அதைத் தொட்டா பல்லைக் கடிக்கிற மாதிரி டிக் டிக்னு சத்தம் போடுது."

"யாரு சொன்னா?"

"எக்ஸ்ரே சொன்னா. ஆனா சத்தத்தை நானே கேட்டேன்."

மாஸ்டர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மாடியில் இருப்பவன் ஓர் ஆண்பிள்ளையாக இருந்திருந்தால் விவகாரம் சுலபம். சட்டையைப் பிடிக்கலாம், நாலு பேரைக் கூட்டலாம். இது என்ன கணக்கில் சேர்த்தி? "மாடியில குடியிருக்கிற பொம்பளை என் பெண்டாட்டிகிட்ட புழுவைப் பத்திப் பேசுறா" என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் கைகொட்டிச் சிரிப்பார்கள். சொல்ல முடியாத பொறாமை உள்ளேயே கிடந்து புளித்தது.

புளித்தது சின்னச் சின்னதாக வெளியே கசிந்தது. எக்ஸ்ரே அம்மா குளிக்கப் போகிற நேரத்துக்குத் தண்ணீர் மோட்டாரை நிறுத்தினார். படிக்கட்டு பல்பு எரியாமல் போனபோது மாற்றாமல் விட்டார். அவள் "வணக்கம்ணா" என்றால் வாயில் குண்டூசி இருப்பதாகச் சைகை காட்டினார், இல்லாத நாளிலும்.

பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. அவள் என்ன வானத்திலிருந்தா குதித்தாள்? தெரிந்துகொண்டால் தனக்கும் தெரியும்தானே. மத்தியானம் கடையில் ஆள் இல்லாதபோது கதவைச் சாத்திக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டி, செல்போனில் புழுப் படங்களாகப் பார்த்தார். துணிக்காரர் இல்லையா, கண் முதலில் நிறத்துக்குத்தான் போனது. பச்சை என்றால் அரளி. மஞ்சள் என்றால் தக்காளி. பழுப்பு என்றால் சேம்பு. பள்ளிக்கூடப் பையன் வாய்ப்பாடு படிப்பது மாதிரி படித்தார்.

ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் அரளிக்கு அடியில் உதிர்ந்த இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழுப்பாக, முதுகு கறுத்து, ஒரு கொம்புப்புழு தரையில் அவசரமாக ஊர்ந்தது. மாஸ்டர் கடையிலிருந்து இறங்கி வந்து தொண்டையைக் கனைத்தார்.

"இது சேம்புல இருக்கிற ஜாதி. வழி தவறி இங்க வந்திருக்கு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர் மனைவிதான் சொன்னாள், "இல்லைங்க. இது நம்ம அரளிப் புழுதான். கூடு கட்டப் போற நேரத்துல செடியிலேர்ந்து இறங்கிடும், அப்போ நிறம் இப்படிக் கறுத்துடும். பாருங்க, அந்த நீலக்கண் இன்னும் மங்கலாத் தெரியுது."

"எனக்கும் முதல் தடவை அப்படித்தாண்ணா தோணுச்சு" என்றாள் எக்ஸ்ரே அம்மா, தன்மையாக.

அவள் கேலி செய்திருந்தால்கூட மாஸ்டர் தாங்கியிருப்பார். அந்தத் தன்மை அவரைச் சுட்டது. அதைவிடச் சுட்டது வேறொன்று. தவறைக் கண்டுபிடித்தது மாடிக்காரி இல்லை, தன் மனைவி. அவள் அவ்வளவு தூரம் போய்விட்டாள், அவர் வாய்ப்பாட்டிலேயே நிற்கிறார்.

மறுநாள் மோட்டார் விஷயமாக ஏதோ சொல்லும் சாக்கில் மாடிக்கு ஏறினார். அவள் குடிவந்த பிறகு அவர் மேலே போவது அதுதான் முதல் தடவை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, அடுப்பு மேடையில் கழுவிக் கவிழ்த்த ஒற்றைத் தட்டு. ஜன்னலோரம் வரிசையாகப் பிளாஸ்டிக் டப்பாக்கள், உள்ளே இலையும் புழுவும். ஒவ்வொரு டப்பாவின் வாயிலும் வலைத்துணி மூடி, ஓரம் மடித்துக் கையால் தைத்தது.

மாஸ்டர் ஒரு மூடியைக் கையில் எடுத்தார். தையலைப் பார்த்தார். நெருக்கமான சிறு தையல், முனையில் இரட்டை முடிச்சு. மகனுடைய தொட்டில் துணியில் அவர் பார்த்த கை அது. அதற்குப் பிறகு அவர் வீட்டில் அந்தக் கை ஊசி பிடித்ததே இல்லை. "தையல்காரன் வீட்டுல உனக்கெதுக்கு ஊசி?" என்று அவர்தான் ஒருமுறை சொல்லியிருந்தார்.

"அக்கா தைச்சுக் குடுத்தது" என்றாள் எக்ஸ்ரே அம்மா. "எவ்வளவு நேர்த்தி பாருங்கண்ணா."

தையலைப் பற்றி எனக்கே சொல்கிறாளா! மாஸ்டருக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. சொல்ல வந்தது மோட்டார். வாயில் வந்தது வேறு.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. எங்க அக்கா இந்த ஊரோட வந்து தங்கப் போறாங்க. மாடி வேணும்."

அவள் முகம் ஒரு நொடி சுருங்கிப் பிறகு சரியானது. "சரிங்கண்ணா. வேற இடம் பார்க்கக் கொஞ்சம் டைம் குடுங்க" என்றாள்.

அன்று சாப்பிடும்போது மனைவி கேட்டாள், "அண்ணி வர்றாங்களாமே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நேத்துதான் போன்ல சொன்னாங்க."

அவள் மேலே கேட்கவில்லை. அதன்பின் புழுப் பேச்சே வீட்டில் இல்லை. எந்தப் பேச்சுமே இல்லை. சாயங்காலம் இரண்டு முதுகுகள் குனிவது நின்றது, எக்ஸ்ரே அம்மா வீடு தேடி அலைந்தாள். மாஸ்டர் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் பல்வலிக்குப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கின கதையாக, வலி இருந்த இடத்திலேயே இருந்தது.

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். மாஸ்டரின் பொய்க்கு முழங்கால் இருந்தது, அதுவும் வலிக்கிற முழங்கால். ஒரு விடுமுறை நாளில் முன்னறிவிப்பில்லாமல் அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினாள். கடை வாசலில் இருந்த இரண்டு படியை ஏறவே தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். மாடியிலிருந்து இறங்கிய எக்ஸ்ரே அம்மா யாரென்று விசாரித்துவிட்டு, நல்ல மனசோடு சொன்னாள்:

"உங்களுக்காகத்தாம்மா மாடியைக் காலி பண்றேன். காத்து நல்லா வரும், தண்ணியும் பிரச்சினை இல்லை."

"எனக்கா?" என்றாள் அக்கா. "எனக்கு எதுக்குடி மாடி? இந்த ரெண்டு படிக்கே என் முட்டி கதறுது. மாடி ஏறினா இறக்கறதுக்கு நாலு பேர் வரணும்!" என்று சொல்லிவிட்டுத் தம்பி முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டாள். "டேய், என்னடா பண்ணி வச்சிருக்கே?"

எக்ஸ்ரே அம்மா மறுபடி மேலே ஏறிப் போனாள்.

அக்கா சாப்பிட்டு, தம்பிக்கு வேண்டிய வசவைக் கொடுத்து, கிளம்பின பிறகு மனைவி கடைக்குள் வந்தாள். வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் அங்கே உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

"ஏன்?" என்றாள்.

மாஸ்டர் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "நீ என்னைக் கூப்பிடறதே இல்லை."

"எதுக்கு?"

"புழுவுக்கு."

சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் சிரிக்கவில்லை. "எனக்குப் புழு பயம் போய் எத்தனையோ வருஷம் ஆச்சு. பையன் தவழ்ந்தப்போ ஒண்ணை வாயில போடப் பார்த்தான். நானே கையால பிடுங்கி எறிஞ்சேன். அன்னியோட போச்சு."

"அப்புறம் ஏன் கத்தின?"

"கத்தாம கூப்பிட்டா நீங்க எந்திரிச்சு வந்திருக்கீங்களா? 'ஒரு பூ பூத்திருக்கு, வந்து பாருங்க'ன்னு எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன்? 'இந்தக் கையை முடிச்சிட்டு வர்றேன்'பீங்க. கை முடியும், காலர் வரும், காலர் முடியும், பட்டன் வரும். இந்த மெஷினைப் பார்த்து நான் எரிஞ்ச எரிச்சல்ல ஒரு ஊருக்கே சமைச்சுப் போட்டிருக்கலாம்." மூச்சு விட்டாள். "அவ கூப்பிடாமலே வந்தா. அவ்வளவுதான்."

மாஸ்டர் வெகுநேரம் மேசையின் கம்பளியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து மாடிக்குப் போனார். என்ன சொன்னார் என்று முழுசாகத் தெரியாது. பேசத் தெரியாதவர் எப்படிச் சொல்லியிருப்பாரோ அப்படிச் சொல்லியிருப்பார். எக்ஸ்ரே அம்மா கேட்டுவிட்டுச் சொன்னது மட்டும் கீழே வரைக்கும் கேட்டது.

"பிடிக்கலைன்னு நேரா சொல்லியிருந்தா நானே கொஞ்சம் தள்ளி நின்னிருப்பேண்ணா. இப்போ வேற வீட்டுக்கு வாக்குக் குடுத்துட்டேன். அங்க கீழ்த்தளம், கொஞ்சம் மண்ணும் இருக்கு."

அவள் போன நாளில் மாஸ்டர்தான் கட்டிலையும் டப்பாக்களையும் வண்டியில் ஏற்றினார். ஒரு டப்பாவை மட்டும் மனைவி வைத்துக்கொண்டாள். சருகுகளுக்கு நடுவே நூல் சுற்றி, அரளிப் புழு பழுப்புக் கூட்டுப்புழுவாகக் கிடந்த டப்பா.

சில நாளில் அது திறந்தது. மனைவி கடை வாசலில் வந்து நின்று, "வந்து பாருங்க" என்றாள். இந்தத் தடவை பாதிக் காலரை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். டப்பாவின் வலைத்துணியைப் பிடித்துக்கொண்டு பூச்சி இறக்கை உலர்த்திக்கொண்டிருந்தது. வெல்வெட் மாதிரி பச்சை, அதில் அடர்ந்த பச்சைத் திட்டு, நடுவே ரோஜா நிறத்தில் ஓடிய வரிகள். இப்படி ஒரு துணியை அவர் வாழ்நாளில் வெட்டியதில்லை. குனிந்து இன்னும் பக்கத்தில் பார்த்தார். மனைவியோ செல்போனை எடுத்துப் படம் பிடித்து, பிடித்த கையோடு எக்ஸ்ரே அம்மாவுக்கு அனுப்பினாள். பதில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் இருந்தது நான், இவள் நினைத்தது அந்த எக்ஸ்ரேயை என்று மாஸ்டருக்குப் பழையபடி சுருக்கென்றது. பொறாமை ஒரு மன்னிப்போடு போய்விடுகிற வியாதி இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பஸ் ஏறி எக்ஸ்ரே அம்மா வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். கொஞ்ச நாள் மாஸ்டர் வீட்டில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேட்காமலே, "நானும் வர்றேன்" என்று செருப்பை மாட்டினார்.

அங்கே போனதும் இரண்டு பேரும் செடிக்குள் நுழைந்துவிட்டார்கள். மாஸ்டர் பையைப் பிடித்தபடி வாசலில் நின்றார். டீ கொண்டுவந்து தந்த எக்ஸ்ரே அம்மாவைச் சும்மா பார்த்தவர், "உங்க வலது தோள் இறங்கியிருக்கு" என்றார்.

"எக்ஸ்ரே எடுக்கறப்போ ஈய ஏப்ரன் போட்டுப் போட்டுண்ணா. அந்தக் கனம் அந்தப் பக்கமாவே இழுக்கும். எந்த கோட்டும் எனக்குச் சரியா உட்காராது."

"உட்காரும். வெட்டறவன் வெட்டினா உட்காரும்." சட்டைப்பையிலிருந்து டேப் வெளியே வந்தது. தோள், முதுகு, கை என்று அளந்தார். ஏப்ரனின் எடை எங்கே விழுகிறது, எந்தப் பக்கம் அதிகம் திரும்பி நிற்பாள், எந்தக் கையால் எக்ஸ்ரே பிளேட்டைத் தூக்குவாள் என்று கேள்விமேல் கேள்வி. அவள் சொல்லச் சொல்ல மேலே கேட்டார். நடுவில் ஏதோ சொல்லிச் சிரிக்கவும் வைத்தார். மாஸ்டர் அவ்வளவு பேசி அந்த வருஷத்திலேயே யாரும் கேட்டதில்லை.

சேம்புச் செடிக்கு அருகே நின்றிருந்த மனைவி ஓர் இலையைத் திருப்பின கையோடு அப்படியே நின்றாள். "போதும், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். அவள் குரலில் ஒரு கூர்மை. அந்தக் கூர்மையை மாஸ்டருக்கு நன்றாகத் தெரியும், மாசக்கணக்கில் உள்ளுக்குள்ளே வைத்து வளர்த்தவர் அவர்.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பிறகு, வெளியே பார்த்தபடியே கேட்டாள்:

"ஒரு கோட்டுக்கு எத்தனை தடவை அளவெடுக்கணும்?"

ஒரே தடவை போதும். அது அவளுக்கும் தெரியும்.

"இறங்கின தோள் பாரு" என்றார் மாஸ்டர், முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு. "ரெண்டு மூணு ஞாயித்துக்கிழமை வர வேண்டியிருக்கும்."